அடுத்த நாட்டுப் போரில் தலையிடலாமா? லிபியா 2011: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாட்டில் அரசே தன் மக்கள் மேல் துப்பாக்கியைத் திருப்புகிறது. வெளிநாடுகள் உள்ளே இறங்கலாமா, கூடாதா? ஒவ்வொரு போரிலும் இந்த விவாதம் புதிதாகத் தொடங்குகிறது. பொதுப்படையாகப் பேசிக்கொண்டே போனால் எந்தப் பக்கம் பேசினாலும் சரி மாதிரிதான் தெரியும். அதனால் ஒரே ஒரு போரை எடுத்துக்கொள்கிறேன்: 2011-ல் லிபியா. ஐ.நா.வின் அனுமதியோடு நடந்த தலையீடு அது. அதில் நல்ல எண்ணமும் இருந்தது, பெரிய தவறும் இருந்தது. இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நண்பர்களும் மாணவர்களும் என்னிடம் கேட்கிற கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

லிபியாவில் முதலில் என்னதான் நடந்தது?

கர்னல் கடாஃபி 1969 செப்டம்பர் 1 அன்று மன்னர் இத்ரிஸைக் கவிழ்த்து ஆட்சிக்கு வந்தவர். 2011 பிறந்தபோது அவர் ஆட்சிக்கு 42-வது ஆண்டு நடந்துகொண்டிருந்தது. அந்த ஜனவரி 14-ல் மேற்கே துனிசியாவின் பென் அலி நாட்டை விட்டு ஓடினார். பிப்ரவரி 11-ல் கிழக்கே எகிப்தின் முபாரக் பதவி விலகினார். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நாடு லிபியா.

பொறி விழுந்தது கிழக்கு நகரமான பெங்காசியில். 1996-ல் தலைநகர் திரிப்போலியின் அபு சலீம் சிறையில் சுமார் 1,200 கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அரசு பல ஆண்டுகள் அதை வெளியே சொல்லவில்லை. மகன் உயிரோடு இருக்கிறான் என்று நம்பி, சிறை வாசலில் துணியும் சாப்பாடும் கொடுத்துவிட்டுத் திரும்பிய குடும்பங்கள் இருந்தன. அந்தக் குடும்பங்களுக்காக வாதாடிய இளம் வழக்கறிஞர் ஃபத்ஹி தெர்பிலை 2011 பிப்ரவரி 15 அன்று கைது செய்தார்கள். அன்றே ஊர் தெருவுக்கு வந்துவிட்டது. படை நிஜத் தோட்டாக்களால் சுட்டது. ஆர்ப்பாட்டக்காரர்கள் மேல் குண்டு வீசச் சொன்னார்கள் என்று கூறி, பிப்ரவரி 21 அன்று இரண்டு விமானப்படை கர்னல்கள் தங்கள் போர் விமானங்களோடு மால்டாவில் போய் இறங்கினார்கள். சில நாட்களில் கிழக்கு லிபியா முழுக்க கிளர்ச்சியாளர்கள் கையில் வந்தது. ஊர்வலமாகத் தொடங்கியது உள்நாட்டுப் போராகிவிட்டது.

உள்நாட்டு விவகாரத்தில் தலையிட ஐ.நா.வுக்கு அதிகாரம் உண்டா?

ஐ.நா. சாசனம் ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடக் கூடாது என்கிறது. ஆனால் அதே சாசனத்தின் 7-வது அத்தியாயம், உலக அமைதிக்கு ஆபத்து என்று பாதுகாப்புச் சபை முடிவு செய்தால் படைபலத்தையும் அனுமதிக்கலாம் என்கிறது. லிபியாவில் இந்த வழியில்தான் போனார்கள்.

பிப்ரவரி 26-ல் தீர்மானம் 1970. ஆயுதத் தடை, சொத்து முடக்கம், சர்வதேசக் குற்றவியல் நீதிமன்ற விசாரணை. 15 உறுப்பினர்களும் ஆதரித்தார்கள், அப்போது சபையில் இருந்த இந்தியாவும் சேர்த்து. மார்ச் 12-ல் அரபு லீகே விமானங்கள் பறக்கத் தடை கேட்டது. மார்ச் 17-ல் தீர்மானம் 1973 வந்தது. பொதுமக்களைக் காக்க 'தேவையான எல்லா நடவடிக்கைகளும்' எடுக்கலாம், ஆனால் லிபிய மண்ணில் எந்த வடிவிலும் அந்நிய ஆக்கிரமிப்புப் படை கூடாது என்பது அதன் சாரம். ஆதரவு 10, எதிர்ப்பு யாருமில்லை. இந்தியா, சீனா, ரஷ்யா, பிரேசில், ஜெர்மனி ஆகிய ஐந்தும் வாக்களிக்காமல் ஒதுங்கின. ஒரே வாக்கால் தீர்மானத்தைத் தடுக்கும் வீட்டோ அதிகாரம் வைத்திருந்த ரஷ்யாவும் சீனாவும் அதைப் பயன்படுத்தவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு நாம் திரும்ப வரவேண்டியிருக்கும்.

'பாதுகாக்கும் பொறுப்பு' என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

1994-ல் ருவாண்டாவில் சுமார் 100 நாட்களில் எட்டு லட்சம் பேர் வரை கொல்லப்பட்டார்கள். அங்கே ஏற்கனவே ஐ.நா. அமைதிப்படை இருந்தது. கொலைகள் தொடங்கி இரண்டு வாரத்தில் பாதுகாப்புச் சபை அந்தப் படையை அதிகப்படுத்தவில்லை, 270 பேராகக் குறைக்க முடிவு செய்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா. ஐ.நா.வே 'பாதுகாப்பான பகுதி' என்று அறிவித்த ஊர். அங்கே எட்டாயிரம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள்.

இந்த இரண்டு வெட்கங்களில் இருந்து பிறந்ததுதான் அந்தச் சொல். இன அழிப்பு, போர்க்குற்றம், இனச் சுத்திகரிப்பு, மனித குலத்துக்கு எதிரான குற்றம் ஆகிய நான்கிலிருந்தும் மக்களைக் காப்பது முதலில் அந்தந்த அரசின் கடமை. அது தவறினால் உலகம் பாதுகாப்புச் சபை வழியாகச் செயல்படலாம் என்று 2005 உலகத் தலைவர்கள் மாநாட்டில் எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்டன. ஒரு அரசின் சம்மதம் இல்லாமலே அதன் மக்களைக் காக்கப் படைபலத்தை அனுமதித்த முதல் பெரிய சோதனை லிபியா.

பெங்காசியில் படுகொலை நடந்திருக்கும் என்பது உறுதியா?

உறுதி என்று யாராலும் சொல்ல முடியாது. நடக்காத ஒன்றை எப்படி நிரூபிப்பது?

கடாஃபி பிப்ரவரி 22 அன்று தொலைக்காட்சியில் எதிர்ப்பாளர்களை எலிகள் என்றார், வீடு வீடாக, சந்து சந்தாகத் தேடி வருவேன் என்றார். மார்ச் 17 அன்று இரக்கமே காட்டமாட்டேன் என்றார். அதே பேச்சில் ஆயுதத்தைப் போட்டுவிட்டால் மன்னிப்பு என்றும் சொன்னார். மார்ச் 19 காலையில் அவருடைய டாங்கிகள் சுமார் ஏழு லட்சம் பேர் வாழ்ந்த பெங்காசியின் ஓரத்தைத் தொட்டுவிட்டன. அன்று பிரெஞ்சு விமானங்கள் அவற்றை அடித்து நொறுக்கின.

மறுபக்க வாதமும் வலுவானதுதான். கடாஃபி படைகள் அதற்கு முன் திரும்பப் பிடித்த ஊர்களில் பொதுமக்களை மொத்தமாகக் கொன்று குவிக்கவில்லை என்று சில ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2016 செப்டம்பரில் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் வெளியுறவுக் குழு, ஆபத்து மிகைப்படுத்தப்பட்டது என்றே எழுதியது.

அபு சலீம் சிறையை நினைக்கிறபோது நான் அந்த டாங்கிகளை நிறுத்தியதைத் தவறு என்று சொல்லமாட்டேன். 1,200 பேரைக் கொன்று அதை மறைத்த ஆட்சி 'மன்னிப்பு' என்று சொன்னால் அதை எந்தத் தாய் நம்புவாள்? ஐந்து ஆண்டு கழித்து கோப்புகளைப் புரட்டிச் சொல்வது வேறு, அந்தக் காலைப் பொழுதில் பெங்காசியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது வேறு.

அப்படியானால் தவறு எங்கே நடந்தது?

நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை.

டாங்கிகள் எரிந்தன, விமானப்படை முடங்கியது, பெங்காசி தப்பியது. இவ்வளவும் முதல் சில நாட்களிலேயே முடிந்துவிட்டது. மார்ச் 28 அன்று அமெரிக்க அதிபர் ஒபாமா, ராணுவத்தின் வேலையை ஆட்சி மாற்றம் வரை நீட்டுவது தவறு என்று நாட்டு மக்களிடம் சொன்னார். மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஏப்ரல் நடுவில் அவரும் பிரிட்டனின் கேமரனும் பிரான்சின் சர்கோசியும் சேர்ந்து எழுதிய கட்டுரையில், கடாஃபி அதிகாரத்தில் இருக்கிற லிபியாவைக் கற்பனையே செய்ய முடியாது என்றார்கள். அவரைப் படைபலத்தால் அகற்றுவது எங்கள் வேலையல்ல என்று அதே கட்டுரையில் ஒரு வரியும் இருந்தது. ஆனால் களத்தில் நடந்தது அகற்றும் வேலைதான்.

மார்ச் 31 முதல் தாக்குதல் பொறுப்பை அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் அடங்கிய ராணுவக் கூட்டணியான நேட்டோ எடுத்துக்கொண்டது. அக்டோபர் 31 வரை 26,000 தடவைக்கு மேல் விமானங்கள் பறந்தன. அதில் 9,700 வாக்கில் தாக்குதலுக்கானவை. தீர்மானம் 1970-ன் ஆயுதத் தடை அமலில் இருந்தபோதே, மேற்கு மலைப்பகுதிக் கிளர்ச்சியாளர்களுக்கு விமானத்தில் இருந்து ஆயுதம் போட்டதாக பிரான்ஸ் ஜூனில் ஒப்புக்கொண்டது. தன் வீரர்கள் நூற்றுக்கணக்கில் கிளர்ச்சியாளர்களோடு களத்தில் இருந்ததாக கத்தார் அக்டோபரில் சொன்னது. ஆகஸ்டில் திரிப்போலி விழுந்தது. அக்டோபர் 20 அன்று சிர்ட் நகரில் இருந்து தப்பிய கடாஃபியின் வாகன வரிசையை நேட்டோ தாக்கியது. கிளர்ச்சியாளர்கள் அவரைப் பிடித்துக் கொன்றார்கள்.

பொதுமக்களைக் காப்பதுதான் வேலை என்றால் எல்லாப் பொதுமக்களையும் காக்க வேண்டும் இல்லையா? ஆகஸ்டில் மிஸ்ராட்டா நகரத்து ஆயுதக் குழுக்கள் பக்கத்தில் இருந்த தாவெர்காவைக் காலி செய்தன. கறுப்பின லிபியர்கள் வாழ்ந்த ஊர் அது. அங்கிருந்த சிலர் கடாஃபி படையோடு சேர்ந்து மிஸ்ராட்டாவில் கொடுமை செய்தார்கள் என்பதற்காக, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஊரையே சூறையாடி எரித்தார்கள். அவர்களுக்காக எந்த விமானமும் வரவில்லை.

இன்னொன்று, என்னால் மறக்க முடியாதது. மார்ச் கடைசியில் திரிப்போலியில் இருந்து 72 ஆப்பிரிக்க அகதிகளோடு ஒரு ரப்பர் படகு கிளம்பியது. எரிபொருள் தீர்ந்து இரண்டு வாரம் கடலில் மிதந்தது. உலகிலேயே அதிகமாகக் கண்காணிக்கப்பட்ட கடல் அன்று அதுதான். உதவிக் குரல் போய்ச் சேர்ந்தது, ஹெலிகாப்டர் ஒன்று வந்து தண்ணீரும் பிஸ்கட்டும் போட்டுவிட்டுப் போனது, திரும்ப வரவில்லை. 63 பேர் இறந்துபோனார்கள். ஐரோப்பிய கவுன்சில் இதை விசாரித்து 2012-ல் அறிக்கை வெளியிட்டது. லிபியர்களைக் காக்க வந்த கப்பல்களுக்கு நடுவில் இது நடந்தது என்பதைத்தான் ஏற்கவே முடியவில்லை.

பேசித் தீர்க்க வாய்ப்பே இல்லையா?

இருந்தது, மெல்லியதாக. ஆப்பிரிக்க ஒன்றியம் போர்நிறுத்தம், நிவாரணம், இடைக்கால ஏற்பாடு என்று ஒரு திட்டம் வைத்தது. ஏப்ரல் 10 அன்று தென்னாப்பிரிக்க அதிபர் ஜேக்கப் ஜூமா உள்ளிட்ட தலைவர்கள் திரிப்போலி போனார்கள். கடாஃபி சரி என்றார். மறுநாள் பெங்காசியில் கிளர்ச்சியாளர்கள் மறுத்தார்கள், ஏனென்றால் கடாஃபி போவது அதில் இல்லை. கடாஃபியின் 'சரி'யை நம்ப அவர்களுக்குக் காரணம் இல்லை, உண்மைதான். ஆனால் மேலே வானம் நேட்டோ கையில் இருந்தது. 'போர்நிறுத்தத்தை நீங்கள் பேசிப் பார்க்காவிட்டால் எங்கள் விமானங்கள் உங்களுக்காகப் பறக்காது' என்று சொல்லும் பலம் நேட்டோ நாடுகளுக்கு இருந்தது. சொல்லவில்லை. தீர்மானம் 1973-க்கு ஆதரவாகக் கைதூக்கிய தென்னாப்பிரிக்காவே பிறகு இதில் கசந்துபோனது.

இந்தியா ஏன் ஒதுங்கியது?

களத்தில் என்ன நடக்கிறது என்று நம்பகமான தகவல் இல்லை, ஐ.நா. பொதுச்செயலாளரின் தூதர் அறிக்கையே இன்னும் வரவில்லை, தாக்குதலை யார் எப்படி நடத்துவார்கள் என்பதும் தெளிவில்லை என்று இந்தியப் பிரதிநிதி சபையில் சொன்னார். இன்னொரு பின்னணியும் உண்டு. போருக்கு முன் லிபியாவில் சுமார் 18,000 இந்தியர்கள் கட்டுமானம், மருத்துவமனை, எண்ணெய் வயல் என்று வேலை பார்த்தார்கள். பெரும்பாலோரை விமானத்திலும் கப்பலிலும் மீட்டுக் கொண்டுவந்தார்கள். பெங்காசியில் இருந்து அலெக்சாண்ட்ரியாவுக்கு 'ஸ்கோஷியா பிரின்ஸ்' கப்பல் ஓடியது. இந்தியாவின் கேள்விகள் நியாயமானவை என்றே நினைக்கிறேன். ஆனால் கேள்வி கேட்டுவிட்டு ஒதுங்குவதோடு நிற்காமல், 'இந்த இடத்தில் நிறுத்த வேண்டும்' என்ற வாசகத்தைத் தீர்மானத்தில் ஏற்றப் போராடியிருக்கலாம்.

எல்லாம் எண்ணெய்க்காகத்தானே?

அவ்வளவு எளிதில்லை. 2003-ல் கடாஃபி தன் அணு, ரசாயன ஆயுதத் திட்டங்களைக் கைவிட்டு மேற்கு நாடுகளோடு சமாதானமானார். அதன்பின் இத்தாலிய, பிரிட்டிஷ், பிரெஞ்சு எண்ணெய் நிறுவனங்கள் எல்லாம் அவரோடுதான் வியாபாரம் செய்தன. எண்ணெய் மட்டுமே குறி என்றால் அவரை அப்படியே விட்டுவைப்பது லாபம். எண்ணெய் ஒரு காரணமாக இருந்திருக்கும், ஆனால் முழுக் காரணம் இல்லை.

இதில் வேறொரு விளைவுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. குண்டுவீச்சு தொடங்கிய சில நாட்களிலேயே வட கொரியா, அணு ஆயுதத்தைக் கைவிட்டால் இதுதான் கதி என்ற பொருளில் அறிக்கை விட்டது.

கடாஃபி போன பிறகு லிபியா ஏன் உடைந்தது?

2012 ஜூலைத் தேர்தல் பெரும்பாலும் அமைதியாகவே நடந்தது. நம்பிக்கை இருந்தது. ஆனால் ஆயுதம் அரசிடம் இல்லை, ஊருக்கு ஊர் குழுக்களிடம் இருந்தது. 42 ஆண்டுகளாகக் கட்சியோ, சுதந்திரமான நீதிமன்றமோ, ஒழுங்கான ராணுவ அமைப்போ வளரவிடாத நாடு அது. வெளிநாட்டுப் படை வேண்டாம் என்று புதிய இடைக்கால அரசும் சொன்னது, மேற்கு நாடுகளும் நிம்மதியாகக் கிளம்பிவிட்டன. ஒப்பிட்டுப் பாருங்கள்: 1999-ல் 78 நாள் குண்டுவீசிய பிறகு, சுமார் இருபது லட்சம் பேர் வாழ்ந்த கொசோவோவுக்கு நேட்டோ ஐம்பதாயிரம் வீரர்கள் வரை அனுப்பியது. அறுபது லட்சம் பேர் வாழ்ந்த லிபியாவுக்கு ஒருவரையும் அனுப்பவில்லை.

2012 செப்டம்பர் 11 அன்று, காப்பாற்றப்பட்ட அதே பெங்காசியில் அமெரிக்கத் தூதர் கிறிஸ்டோபர் ஸ்டீவன்ஸ் கொல்லப்பட்டார். 2014-ல் நாடு இரண்டு அரசுகளாகப் பிளந்தது. 2019 ஏப்ரலில் கிழக்கு லிபியாவின் படைத்தலைவர் கலிஃபா ஹஃப்தார் திரிப்போலி மேல் படையெடுத்தபோது ஒரு பக்கம் துருக்கி, மறுபக்கம் ஐக்கிய அரபு அமீரகம், எகிப்து, ரஷ்யக் கூலிப்படை என்று ஆளுக்கொரு தலையீடு. 2020 அக்டோபரில்தான் போர்நிறுத்தம் வந்தது. கடாஃபியிடம் வேலை செய்த, சஹாரா பாலைவன இனமான துவாரெக் வீரர்கள் ஆயுதங்களோடு மாலிக்குத் திரும்பியதும் அங்கே 2012-ல் கிளர்ச்சி வெடித்தது. அடுத்த நாட்டில் ஒரு போர் முளைத்தது.

அடுத்த நாளுக்குத் திட்டமிடாமல் போனதுதான் தன் ஆட்சியின் மிகப் பெரிய தவறாக இருக்கலாம் என்று ஒபாமா 2016-ல் சொன்னார்.

தலையிடாமல் விட்டால் என்ன ஆகும்? சிரியாவைப் பார்க்கவில்லையா?

பார்த்தோம். ஆனால் சிரியாவையும் லிபியாவையும் பிரித்துப் பேச முடியாது. 2011 அக்டோபர் 4 அன்று சிரிய அரசைக் கண்டிக்கும் தீர்மானம் பாதுகாப்புச் சபைக்கு வந்தது. அதில் படை அனுப்பும் பேச்சே இல்லை. ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ செய்தன. மார்ச்சில் வீட்டோ செய்யாமல் விட்ட அதே இரண்டு நாடுகள். லிபியா தீர்மானத்தை எப்படி நீட்டினார்கள் என்று பார்த்தோமே என்பது ரஷ்யாவின் வாதம். சிரியாவில் ரஷ்யாவுக்குச் சொந்த நலன் இருந்தது, லிபியா நடக்காமல் இருந்தாலும் அது வீட்டோ செய்திருக்கலாம். ஆனாலும் அந்தச் சாக்கை நேட்டோதான் அதன் கையில் கொடுத்தது. முதல் பத்து ஆண்டுகளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் சிரியாவில் கொல்லப்பட்டதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022-ல் கணக்கிட்டது.

1971-ல் இந்தியா வங்கதேசத்துக்குப் போனது சரிதானே? அதற்கு ஐ.நா. அனுமதி இருந்ததா?

அனுமதி இல்லை. சொல்லப்போனால் டிசம்பர் 7 அன்று ஐ.நா. பொதுச்சபையில் 104 நாடுகள் போர்நிறுத்தமும் படை விலக்கமும் கேட்டு வாக்களித்தன. எதிர்த்தவை 11 மட்டுமே. ஆனால் ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்திருந்தார்கள், டிசம்பர் 3-ல் பாகிஸ்தான் விமானங்கள் முதலில் தாக்கின. டிசம்பர் 16-ல் டாக்காவில் சரணடைவு.

நான் கவனிப்பது அதற்குப் பிறகு நடந்ததை. 1970 தேர்தலில் கிழக்கு வங்காளத்தின் கிட்டத்தட்ட எல்லா இடங்களையும் வென்ற அவாமி லீக்கிடம் நாட்டை ஒப்படைத்துவிட்டு, இந்தியப் படை 1972 மார்ச்சில் வெளியேறியது. ஒப்படைக்க மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்கள் இருந்தார்கள். லிபியாவில் அப்படி யாரும் இல்லை.

பெங்காசிக்கு வந்தவர்கள் முள்ளிவாய்க்காலுக்கு ஏன் வரவில்லை?

தமிழர்கள் கூடுகிற இடத்தில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது, வரத்தான் வேண்டும். 2008 செப்டம்பரிலேயே ஐ.நா. தன் வெளிநாட்டுப் பணியாளர்களை வன்னியில் இருந்து திரும்ப அழைத்துக்கொண்டது. 2009-ல் அந்தக் கடைசி மாதங்களின்போது இலங்கை விவகாரம் பாதுகாப்புச் சபையின் அதிகாரபூர்வ நிகழ்ச்சி நிரலில் ஏறவே இல்லை. முறைசாராச் சந்திப்புகளில் மட்டும் பேசினார்கள். நாற்பதாயிரம் பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று 2011-ல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. தன் அமைப்பே தவறியது என்று ஐ.நா.வின் உள் ஆய்வு 2012 நவம்பரில் ஒப்புக்கொண்டது.

ஏன் வரவில்லை? விடுதலைப் புலிகளைப் பல நாடுகள் பயங்கரவாத அமைப்பாகத் தடை செய்திருந்தன, இலங்கை அரசுக்குச் சபையில் நண்பர்கள் இருந்தார்கள், அதற்கு எதிராக அரபு லீக் போல எந்த அமைப்பும் குரல் கொடுக்கவில்லை. இந்தியாவுக்கு 1987 முதல் 1990 வரையிலான அமைதிப்படையின் நினைவும் இருந்தது. சமாதானம் காக்கப் போன படை சில மாதங்களில் புலிகளோடு சண்டையிட்டு, சுமார் 1,200 வீரர்களை இழந்து திரும்பியது. தமிழ்ப் பொதுமக்களும் அதில் மாண்டார்கள். குண்டுவீச ஒரு படை வந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மருத்துவமனைகள் மேல் குண்டு விழுகிறது என்று சபையில் உரக்கப் பேசவும், சாட்சியாக நாலு ஐ.நா. பணியாளர் அங்கேயே இருக்கவும் ஏன் முடியவில்லை என்றுதான் கேட்கிறேன். தலையீடு என்றால் விமானம் மட்டும்தானா?

சரி, நீங்கள் எந்தப் பக்கம்?

மார்ச் 17 அன்று அந்தச் சபையில் உட்கார்ந்திருந்தால் ஆதரவாகக் கை தூக்கியிருப்பேன். ஏப்ரல் 11 அன்று குண்டுவீச்சை நிறுத்திவைத்து இரண்டு தரப்பையும் மேசைக்கு இழுக்கச் சொல்லியிருப்பேன். 2011 நவம்பரில் பிரேசில் ஒரு யோசனை வைத்தது: படைபலத்துக்கு அனுமதி வாங்கியவர்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று தொடர்ந்து சபைக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். பெரிய நாடுகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பேச்சு அப்படியே அடங்கிப்போனது. அடுத்த முறை யாராவது படை அனுப்ப அனுமதி கேட்டு வந்தால் முதலில் கேட்க வேண்டியதாக நான் நினைப்பவை: எது நடந்தால் நிறுத்துவீர்கள், அதற்குப் பிறகு யார் அங்கே இருப்பார்கள்?

லிபியர்களே இதை எப்படிப் பார்க்கிறார்கள்?

ஒரே குரலில் இல்லை. கிளர்ச்சியின் நினைவு நாளான பிப்ரவரி 17 வந்தால் திரிப்போலியின் தியாகிகள் சதுக்கத்தில் இன்றும் கொடியோடு கூடுகிறார்கள். 2021 நவம்பரில், அடுத்த மாதம் நடப்பதாக இருந்த அதிபர் தேர்தலுக்கு தெற்கே சபா நகரில் ஒருவர் வேட்புமனு கொடுத்தார். கடாஃபியின் மகன் சைஃப் அல் இஸ்லாம். தேர்தல் அந்த டிசம்பரில் நடக்கவில்லை.